ஸ்லிக் ரிக்குக்கு ஒரு கடிதம்: உங்கள் ரெண்டாவது வழக்கு பற்றி

அன்புள்ள ரிக் அண்ணே,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரப்போவதில்லை, வந்தாலும் உங்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் முகதாட்சண்யம் பார்க்காமல் எழுத வசதியாக இருக்கிறது. ராப் பாடகரான உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரெண்டு வகை. ஒரு கூட்டம் கண்பட்டை, கழுத்து கொள்ளாத தங்கச் சங்கிலி, கங்கோல் தொப்பி என்று உங்கள் அலங்காரத்தோடு நின்றுவிடும். இன்னொரு கூட்டம், அநியாயமாக ஜெயிலுக்குப் போன கலைஞர் என்று உருகும். நீங்கள் ஜெயிலுக்குப் போனதில் எனக்கு எந்த அநியாயமும் தெரியவில்லை. ஜெயிலை விட்டு வந்தபிறகு உங்களுக்கு நடந்தது இருக்கிறதே, அதைத்தான் எத்தனை தடவை படித்தாலும் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் பாட்டு. 1985-இல் வாயால் தாளம் போடுவதில் பேர்போன டக் ஈ ஃப்ரெஷ்ஷோடு சேர்ந்து நீங்கள் போட்ட 'தி ஷோ' இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'லா டி டா டி' இருந்தது. அதில் டிரம் கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு வாத்தியமும் கிடையாது. டக் வாயாலேயே தாளம் போடுகிறார், நீங்கள் கதை சொல்கிறீர்கள். என்ன பெரிய கதை? ஒருவன் காலையில் எழுந்து குளித்து, வாசனை பூசி, பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வெளியே போய் ஒரு பெண்ணையும் அவளுடைய அம்மாவையும் சந்திக்கிறான், அவ்வளவுதான். இந்த ஒன்றுமில்லாத கதையை 1993-இல் ராப் பாடகர் ஸ்னூப் டாக் முழுசாகத் திரும்பப் பாடினார், 1997-இல் இன்னொரு ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. தன்னுடைய 'ஹிப்னடைஸ்' பல்லவியை இதிலிருந்து எடுத்தார், இன்னும் யார் யாரோ வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பின்பக்கத்தில் போட்ட பாட்டுக்கு இப்படி ஒரு ஆயுசு!

அந்தக் குரலுக்கு வருகிறேன். 1965-இல் தெற்கு லண்டன் மிட்சமில், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தீர்கள். (மிட்சமும் பக்கத்து டூட்டிங்கும் இப்போது ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த இடங்கள். அங்கே சாமான் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் அந்த ஊர்க்காரர் என்று தெரியுமோ.) கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணாடித் துண்டு பட்டு வலது கண் போனது. எழுபதுகளின் நடுவில் குடும்பம் நியூயார்க்கின் பிராங்ஸுக்கு வந்தது. லகார்டியா பள்ளியில் நீங்கள் படித்தது ஓவியம், அங்கேதான் டேனா டேன் நண்பராகி 'கங்கோல் க்ரூ' என்கிற உங்கள் ராப் குழு உருவானது. பிராங்ஸ் பையன்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தி ராப் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில், நீங்கள் லண்டன் உச்சரிப்பில், ஏதோ சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசுகிறவர் மாதிரி சாவகாசமாக ராப் பண்ணினீர்கள். சத்தம் போடாமலே சபையைக் கட்டிப்போட முடியும் என்று பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டது உங்களிடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

1988-இல் டெஃப் ஜாம் இசை நிறுவனம் வெளியிட்ட உங்கள் முதல் ஆல்பத்தில் 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி' என்று ஒன்று. மாமா ஒருவர் குழந்தைகளைத் தூங்க வைக்கக் கதை சொல்கிறார் என்பதுதான் அமைப்பு. தொடக்கத்தில் குழந்தைகள் கெஞ்சுகிற குரலும் நீங்கள்தான், மாமாவும் நீங்கள்தான். ஒரு குரலின் கடைசி எழுத்து முடியும் முன்பே அடுத்த குரல் வந்து விழும், ஏனென்றால் தனித்தனித் தடத்தில் பதிவு செய்து மேலே மேலே ஏற்றியிருக்கிறீர்கள். கதையில் ஒரு பையன் இன்னொருவன் பேச்சைக் கேட்டு வழிப்பறியில் இறங்குகிறான், அதில் ருசி கண்டு விடுகிறான், கடைசியில் மாறுவேஷப் போலீஸ்காரர் ஒருவரிடமே கை வைத்துவிடுகிறான். அப்புறம் துப்பாக்கி, துரத்தல், கார் போய் மரத்தில் மோதுவது, ஒரு கர்ப்பிணியைப் பிணையாகப் பிடிப்பது, மனசு கேட்காமல் அவளை விடுவது, சரணடைந்தபிறகும் சுடப்படுவது. இவ்வளவும் நாலு நிமிஷத்துக்குள், குரலை ஒரு இடத்தில்கூட உயர்த்தாமல். கதை முடிந்ததும் குழந்தைகளுக்கு குட்நைட் சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள். பாடல் எழுத ஆசைப்படுகிற யாரிடமும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் தலைப்பை இங்கே எழுதக்கூட எனக்கு மனசில்லை. பெண்களைப் பற்றி அதில் நீங்கள் சொல்வது அப்போதும் அசிங்கம், இப்போதும் அசிங்கம். "அந்தக் காலம் அப்படி" என்று சாக்குச் சொல்கிறார்கள், அதே காலத்தில் அதே ஆல்பத்தில் 'ஹே யங் வேர்ல்ட்' மாதிரி சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் புத்தி சொல்கிற பாட்டும் நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

சரி, 1990 ஜூலைக்கு வருவோம். உங்கள் உறவினர், ஒரு காலத்தில் உங்களுக்கே பாதுகாவலராக இருந்தவர், பணம் கேட்டு மிரட்டினார், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று பயந்தீர்கள், அதனால் துப்பாக்கிகள் வாங்கினீர்கள் என்பது உங்கள் தரப்பு. இருக்கலாம். ஆனால் பிராங்ஸ் தெருவில் நீங்கள் சுட்டபோது அவர் மட்டும் காயப்படவில்லை, சம்பந்தமே இல்லாமல் அங்கே நின்ற இன்னொருவருக்கும் குண்டு பட்டது. அப்புறம் போலீஸ் துரத்த, நீங்கள் காரில் பறக்க, கார் மோதி நின்றது. உள்ளே கர்ப்பிணியான உங்கள் காதலி இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்களே எழுதிப் பாடிய கதை, துப்பாக்கி, துரத்தல், மோதிய கார், கர்ப்பிணி வரைக்கும் அப்படியே. இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால் 'ரொம்ப செயற்கை' என்று நானே திட்டியிருப்பேன்.

உங்கள் ரசிகர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் தாண்டவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டீர்கள். கொலை முயற்சி, ஆயுத வழக்கு, மூன்று வருஷம் நாலு மாதத்திலிருந்து பத்து வருஷம் வரை தண்டனை. அடிபட்டவர்கள் இருவர் இருக்கும்போது அந்தத் தண்டனையைப் பெரிது என்று நான் சொல்லமாட்டேன். டெஃப் ஜாம் நிறுவனர்களில் ஒருவரான ரஸ்ஸல் சிம்மன்ஸ் ஜாமீன் கட்டி வெளியே எடுத்த இடைவெளியில் சில வாரங்களில் ஒரு ஆல்பத்தை அவசர அவசரமாகப் பதிவு செய்தீர்கள், 1991-இல் வந்தது. கேட்டால் அந்த அவசரம் தெரியும், உங்கள் சாவகாசமே அதில் இல்லை, யாரோ வாசலில் காத்திருக்கிறார்கள் என்கிற மாதிரிப் பாடியிருக்கிறீர்கள். உண்மையிலேயே காத்திருந்தார்கள்.

1995-இல் மான்டெல் ஜோர்டானின் 'திஸ் இஸ் ஹவ் வி டூ இட்' அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி'யின் இசையை எடுத்து அதன்மேல் கட்டிய பாட்டு. நாடு முழுக்க உங்கள் மெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, நீங்கள் கம்பிக்குப் பின்னால். கதையில் எனக்கு மிகப் பிடித்த கசப்பு இது.

ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு 1996-இல் வெளியே வந்தீர்கள். நியாயப்படி கணக்கு அங்கே தீர்ந்தது. ஆனால் பதினோரு வயது வாக்கில் வந்த பையன் கிரீன் கார்டோடு வளர்ந்துவிட்டான், குடியுரிமைக்கு மனுப் போடவே இல்லை. அமெரிக்கச் சட்டம் அங்கே பிடித்துக்கொண்டது. குடிமகன் அல்லாதவர் பெரிய குற்றத்தில் தண்டனை அடைந்தால் நாடுகடத்தலாம். குடும்பம், இத்தனை வருஷ வாழ்க்கை இதையெல்லாம் பார்த்து விலக்குக் கொடுக்க நீதிபதிக்கு முன்பு கொஞ்சம் அதிகாரம் இருந்தது, உங்களுக்கும் ஒரு குடியேற்ற நீதிபதி அந்த விலக்கைக் கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்தது. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ சிறையில் கழித்தவருக்கு இந்த விலக்கு கிடையாது என்று ஒரு விதி, அதைக் காட்டி மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஐந்து வருஷம் உள்ளே வைத்தவர்களும் அவர்கள்தான், ஐந்து வருஷம் உள்ளே இருந்ததால் வெளியே போ என்றவர்களும் அவர்கள்தான். இது போதாதென்று 1996-இல் வந்த புதுச் சட்டம் அந்த விலக்கு அதிகாரத்தையே எடுத்துவிட்டது.

ஆனாலும் வாழ்க்கை ஓடியது. 1999-இல் 'தி ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லிங்', ராப் பாடகர் நாஸும் அவுட்காஸ்ட் குழுவும் உங்களோடு வந்து நின்றார்கள். கல்யாணம், பிள்ளைகள், பிராங்ஸில் சொந்தக் கட்டிடம், வாடகை வசூல். குழாய் ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் வந்து நிற்கும்போது கதவைத் திறப்பது நீங்களாக இருந்தால் அவர் என்ன செய்வார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

2002-இல் கரீபியன் கடலில் ஒரு உல்லாசக் கப்பலில் பாடப் போனீர்கள். பாடி முடித்துக் கப்பல் மியாமியில் வந்து நின்றபோது குடியேற்றத் துறை ஆட்கள் உங்களைப் பிடித்துக்கொண்டார்கள். புதுக் குற்றம் எதுவும் இல்லை. பழைய குற்றம், ஏற்கனவே தண்டனை முடிந்த குற்றம். ஃப்ளோரிடாவில் 17 மாதம் அடைத்து வைத்தார்கள். இது தண்டனை இல்லை, நிர்வாக நடவடிக்கை என்று அதற்குப் பெயர். தண்டனை என்றால் என்றைக்கு முடியும் என்று கைதிக்குத் தெரியும், இதில் அதுகூடத் தெரியாது. 2003 கடைசியில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி கிம்பா வுட் விடுதலை செய்யச் சொன்னார், வீட்டுக்கு வந்தீர்கள். 2006-இல் அரசு மறுபடி ஆரம்பித்தது, வழக்கை நியூயார்க்கிலிருந்து அட்லாண்டாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நகர்த்தப் பார்த்தது. ஏன் இத்தனை பிடிவாதம் என்று யோசித்தால், உங்கள்மேல் தனிப்பட்ட கோபம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஃபைல் திறந்திருந்தது, மூட யாருக்கும் அதிகாரமோ தைரியமோ இல்லை, அதனால் அது தானாக நகர்ந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். இது எனக்குக் கோபத்தைவிட பயத்தைத்தான் தருகிறது.

ஃபைலை மூடியவர் டேவிட் பேட்டர்சன். பார்வைக் குறைபாடு உள்ளவர், நியூயார்க்கின் முதல் கறுப்பின கவர்னர், பதவிக்கு வந்து ரெண்டு மாதம் கழித்து, 2008 மே மாதம், உங்களுக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். செய்த குற்றம் இல்லை என்று ஆகிவிடவில்லை, ஆனால் அதைக் காட்டி உங்களை அனுப்புகிற வழி அடைபட்டது. 2016-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனீர்கள். அதே வருஷம் வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் திறந்தது, உங்கள் கண்பட்டை அவர்களுடைய சேகரிப்பில் இருக்கிறது. வேண்டாம் என்று துரத்திய அதே அரசாங்கத்தின் பணத்தில்தான் அதைத் துடைத்துப் பாதுகாக்கிறார்கள்!

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. உங்களுக்காகப் பேச ரஸ்ஸல் சிம்மன்ஸ் இருந்தார், உங்கள் பெயரைக் கேட்டதும் பாட்டு ஞாபகம் வருகிற ஒரு தலைமுறையே இருந்தது, வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. அதே சட்டத்தில், அதே மாதிரி சின்ன வயசில் வந்து, அதே மாதிரி தண்டனையை முடித்து, தனக்கு யாரையுமே தெரியாத ஊருக்கு விமானம் ஏற்றப்பட்டவர்கள் ஏராளம். ஜமைக்காவுக்கும் கம்போடியாவுக்கும் ஹைத்திக்கும் போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தக் கவர்னரும் ஃபோன் எடுக்கவில்லை. இது உங்கள் தப்பு இல்லை. ஆனால் உங்கள் கதையை 'கடைசியில் நல்லபடியாக முடிந்தது' என்று யாராவது சொன்னால் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

2023-இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது, 2025-இல் 'விக்டரி' என்று புது ஆல்பம், லண்டன்காரரான நடிகர் இட்ரிஸ் எல்பாவின் ஆதரவோடு, 26 வருஷ இடைவெளிக்கு அப்புறம். அறுபது வயசில் அந்தக் குரல் கொஞ்சமும் அவசரப்படவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஆனால் அண்ணே, ஒரு கோரிக்கை பாக்கி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் கிடந்த அந்த 17 மாதத்தை முழுசாக ஒரு கதையாகச் செய்யுங்கள், 'சில்ட்ரன்ஸ் ஸ்டோரி' பண்ணின மாதிரி எல்லாக் குரலையும் நீங்களே போட்டு: கப்பலடியில் பேரைக் கேட்ட அதிகாரி, அடுத்த வாய்தாவில் பார்க்கலாம் என்கிற வக்கீல், அப்பா எப்போது வருவார் என்று ஃபோனில் கேட்கிற பிள்ளை, பக்கத்துப் படுக்கையில் கவர்னர் கிடைக்காத அந்த இன்னொருத்தர். அவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வரி கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டை இன்னும் பின்பக்கத்திலிருந்தே கேட்க ஆரம்பிக்கிற ஒருவன்