செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை முதலிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த வீடுகளில் பங்கு உடையவர்களுக்குக் கட்டடப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடென்றால் உடனே கிடைக்கும் மரியாதை, 1920களிலும் 1930களிலும் கட்டியவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதனால், தூண்களையும் கதவுகளையும் பெயர்த்து விற்கலாம் என்ற பேச்சு எழும்போது மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

இவை பெருவீடு கட்டும் மரபின் கடைசி வரிசை வீடுகள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செழித்த நாளில் தொடங்கிய கட்டுமானம், 1929க்குப் பின் நெல் விலை சரிந்தபோதும் சில குடும்பங்களில் நிற்கவில்லை. கடனைத் திருப்ப முடியாதவர்களின் வயல்கள் கைமாறியதில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 25 விழுக்காடானது. நிலம் சேர்ந்தது, ரொக்கம் வற்றியது. 1942இல் ஜப்பானியர் வந்ததோடு அந்த நிலமும் கைவிட்டுப் போக, இப்படி வீடு கட்டும் வசதியும் போயிற்று.

கட்டடக்கலையிலும் இவற்றுக்குத் தனித்தன்மை உண்டு. முற்றத்தைச் சுற்றிய வளவும் மேடையிட்ட பட்டாலையும் அடுத்தடுத்த கட்டுகளும் பழைய ஒழுங்கிலேயே, தலைவாசலில் நின்றால் பின்கட்டு வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி அமைந்திருக்க, முகப்பு மட்டும் புதுக்காலத்துக்கு மாறியது. கஜலட்சுமி சுதை இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றி அன்றைய மேல்நாட்டுப் புதுமையான ஆர்ட் டெகோ பாணியின் நேர்கோடுகளும் படிப்படியான விளிம்புகளும் வந்தன. பர்மாத் தேக்குக்குத் துணையாக இரும்பு உத்தரமும் கான்கிரீட்டும் சேர்ந்தன. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் என்னும் தரையோடு சூளை காணாதது. கண்ணாடிப் பலகைமேல் வைத்த அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, முதுகுப்புறத்தில் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அதைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடுவதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சுவர்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புக் காரைச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். விரிசல் கண்ட இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, ஓரிரு மழைக்காலத்தில் பக்கத்துப் பூச்சையும் சேர்த்து உதிர்த்துவிடும். முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த அந்த மேற்பூச்சைத் திரும்பச் செய்யத் தெரிந்த கைகள் இன்று குறைவு.

விற்பவர்களை நான் பழிக்கவில்லை. முப்பது நாற்பது புள்ளிகளுக்கு (மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி) பங்குள்ள வீட்டில், ஆண்டுக்கொரு முறை முன்னோருக்கான படைப்புக்கு மட்டும் வந்து போகிறவர்களிடம் ஓடு மாற்றப் பணம் திரட்டுவது எத்தனை கடினம் என்பது தெரிந்ததே. 1930களின் வீடொன்று கானாடுகாத்தானில் ‘விசாலம்’ என்ற விடுதியாக நன்றாக வாழ்கிறது; ஆனால் எல்லா வீடும் விடுதியாகிவிட முடியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருந்தாலும், அது காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் ஒரு கதவைக்கூடத் தடுத்து நிறுத்தாது. தடுக்கக்கூடியவர்கள் பங்காளிகளாகிய நீங்களே.

ஆகவே அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். கட்டடத்தோடு பொருந்திய தூண், நிலை, கதவு, கல் எதையும் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தின்றி விற்பதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை அளந்து வரைபடம் எடுத்து, புள்ளிக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஓட்டுக்கும் முற்றத்து நீர்த்தாரைக்கும் மட்டுமாவது ஒரு பொதுநிதி தொடங்குங்கள். மழைநீர் ஒழுங்காக வடிந்தாலே பாதிச் சேதம் நின்றுவிடும்.

இங்ஙனம்,
கட்டடப் பாதுகாப்புப் பணியாளர் ஒருவர்