பூவின் பெயருக்கு முன் ஊரின் பெயரைக் கேட்பது ஏன்?

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டே லில்லி கேட்டு எழுதுபவர்களிடம், எந்த நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, செடி எந்த ஊருக்குப் போகிறது, நடப்போவது தரையிலா மாடித் தொட்டியிலா, வீட்டில் பூனை இருக்கிறதா என்றெல்லாம் இந்த ஆண்டு முதல் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். பணம் கட்டத் தயாராக இருப்பவரிடம் இத்தனை கேள்விகள் எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். 'ஸ்டெல்லா டி ஓரோ' என்ற டே லில்லி இரகத்தைக் கேட்ட சமவெளி வாடிக்கையாளர்களுக்கு அதை அனுப்ப இயலாது என்று நாங்கள் மறுத்தபோது, அந்த வருத்தம் சிலரிடம் கோபமாகவே மாறியது. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருப்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

பெயரில் லில்லி இருந்தாலும் இது உண்மையான லில்லி இனம் அன்று. தாவரவியலார் இதை இப்போது சோற்றுக்கற்றாழையின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். மழை லில்லியையும் ஃபுட்பால் லில்லியையும் வளர்த்துப் பழகியவர்கள் வெங்காயம் போன்ற கிழங்கை எதிர்பார்த்து எங்கள் பொட்டலத்தைப் பிரித்து ஏமாந்துபோகிறார்கள். டே லில்லிக்கு அத்தகைய கிழங்கு கிடையாது, தண்ணீர்விட்டான் வேரை நினைவூட்டும் சதைப்பற்றான வேர்க்கொத்துதான் உண்டு. சீனா, கொரியா, ஜப்பான் உள்ளிட்ட ஆசியப் பகுதிகளே இதன் முதன்மையான தாயகம். 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய ஹெமரோகாலிஸ் என்ற பெயர், நாள், அழகு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. பெயருக்கேற்ப, காலையில் விரியும் பூ பெரும்பாலும் அன்றிரவே சுருண்டுவிடும். 'பூ ஒரே நாளில் வாடிவிட்டது, செடியை மாற்றித் தாருங்கள்' என்று ஆண்டுதோறும் ஒருவராவது எழுதுகிறார்; அது செடியின் குறை அன்று, அதன் இயல்பு. ஒரு பூந்தண்டில் பத்து, பதினைந்து மொட்டுகள் வரிசையாக இருந்து ஒன்றன்பின் ஒன்றாக விரிவதாலும், தூர் கட்டிய செடியில் பல தண்டுகள் எழுவதாலும், பூப்பு சில வாரங்களுக்கு நீடிக்கும்.

இனி ஊர் விசாரணைக்கு வருகிறோம். டே லில்லி இரகங்களை இலையின் போக்கை வைத்து மூன்றாகப் பிரிப்பது வழக்கம். குளிர்காலத்தில் இலை முழுவதும் காய்ந்து மண்ணுக்குள் உறங்கிப் பின்னர் துளிர்ப்பவை ஒரு வகை. ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் பசுமை மாறாதவை மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை மூன்றாவது வகை. உறங்கும் வகையில் பெரும்பாலானவற்றுக்குச் சில வாரக் குளிராவது கிடைத்தாக வேண்டும். இணையத்தில் படம் பார்த்து எல்லோரும் விரும்பிக் கேட்கும் ஸ்டெல்லா டி ஓரோ, அமெரிக்கரான வால்டர் ஜப்லான்ஸ்கி உருவாக்கி 1975-இல் பதிவு பெற்று, 1985-இல் அந்நாட்டின் உயரிய டே லில்லி விருதான ஸ்டவுட் பதக்கத்தையும் வென்ற குட்டையான மஞ்சள் இரகம். அது உறங்கும் வகையைச் சேர்ந்தது. கோத்தகிரியில் எங்கள் பாத்திகளில் மார்கழி, தை மாத இரவுகளின் குளிரைக் கொண்டே அது சமாளித்துப் பூத்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் முன்பு மதுரைக்கும் திருச்சிக்கும் அதை அனுப்பிய தவற்றை நாங்கள் செய்திருக்கிறோம். வேரில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டு முதல் ஆண்டு இலை நன்றாகவே வந்தது. மூன்றாம் ஆண்டில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களில் கோரைப்புல் போல நான்கு இலைகள்தாம் மிஞ்சியிருந்தன. அவர்கள் நீர் விட்டதிலோ உரமிட்டதிலோ குறையில்லை, அனுப்பிய எங்கள் மீதுதான் குறை. ஆகவே சமவெளிக்குப் பசுமை மாறாத இரகங்களை மட்டுமே இனி அனுப்புவோம். வெண்மைக்கு நெருங்கிய நிறமுடைய ஜோன் சீனியர் அவற்றுள் ஒன்று. ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் பழைய சாதாரணச் செடியைப் பலர் மட்டமாக நினைத்தாலும், முதன்முதலாக வளர்ப்பவருக்கு அதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். அவ்வளவு எளிதில் அது சாகாது.

இரகத்துக்கு இரகம் உள்ள விலை வேறுபாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காட்டு இனங்களின் உயிரணுக்களில் பொதுவாக 22 குரோமோசோம்கள் இருக்கும். அவற்றை 44 ஆக இரட்டித்து உருவாக்கிய இரகங்களில் பூ பெரிதாகவும் இதழ் தடித்தும் தண்டு வலுவாகவும் அமைவதுண்டு. அந்த இரட்டிப்புக்குப் பயன்பட்ட கோல்சிசின் என்னும் மருந்துப் பொருள், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் பயிரிடும் நம் கண்வலிக்கிழங்கின் விதையிலும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விதையிலிருந்து வரும் டே லில்லி தாய்ச்செடியைப் போலவே பூப்பதில்லை என்பதால் ஒவ்வோர் இரகத்தையும் தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. விலை ஏறுவதற்கு இதுவே முதன்மையான காரணம். நீல நிற டே லில்லி விதை என்று படம் போட்டு விற்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உண்மையான நீலத்தில் பூக்கும் டே லில்லி இதுவரை இல்லை.

எங்களிடமிருந்து வருவது மண் நீக்கிய வெறும் வேர். இலைகளை ஆறு அங்குல அளவில் வெட்டியிருப்போம். வேர் ஊன்றும் வரை செடி நீரை இழக்காமல் இருப்பதற்காகவே அப்படி வெட்டுகிறோம். பனையோலை விசிறி போல விரிந்து நிற்கும் ஓர் இலைத்தொகுதியை ஒரு விசிறி என்று கணக்கிடுகிறோம், விலைப்பட்டியலில் உள்ள எண்ணும் அதையே குறிக்கும். பொட்டலம் வந்த அன்றே பிரித்து, வேரைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். குழியின் நடுவில் மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, வேர்களை அதன் மேல் நாற்புறமும் பரப்பி, இலையும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இருக்கும்படி மூடுங்கள். அதைவிட ஆழமாக நட்டால் பூக்கத் தயங்கும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கழுத்து அழுகியும்விடும். செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். தொட்டியாக இருந்தால் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அடித்துளை அடைபட்டிருக்கவும் கூடாது. செம்மண்ணோடு மக்கிய தொழு உரமும் சிறிது மணலும் கலந்தால் போதும். தென்னை நார்க்கழிவை மிகுதியாகச் சேர்ப்பது மழைக்காலத்தில் ஆபத்து.

ஆறு மணி நேர வெயில் தேவை என்பது பொது விதி. ஆனால் சமவெளியின் சித்திரை, வைகாசி வெயிலில் அடர்சிவப்புப் பூக்கள் பிற்பகலுக்குள் வெந்து கருகிவிடுவதால், காலை வெயில் முழுவதும் பட்டு மாலையில் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். இலையின் அடியில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் தூள் விரலில் ஒட்டினால் அது துரு நோய். அவ்விலைகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, நீரை இலை மீது ஊற்றாமல் வேரடியில் மட்டும் விடுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து நட்டால் பூ குறையாது, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும் ஒன்றிரண்டு மிஞ்சும்.

பூனையைப் பற்றிக் கேட்பது வேடிக்கைக்காக அன்று. டே லில்லியின் எந்தப் பகுதியைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் சில நாட்களுக்குள் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும். வீட்டில் பூனை இருந்தால் இச்செடியை நாங்கள் விற்பதில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்து, பூனை இலையைக் கடித்ததைப் பார்த்தால், அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சீனச் சமையலில் சில டே லில்லி இனங்களின் மொட்டை உலர்த்திப் பயன்படுத்துவது உண்மையென்றாலும், நாங்கள் அனுப்பும் செடிகள் பூச்சிமருந்து பட்டவை. அவற்றை அலங்காரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கோடையின் உச்சத்திலும் செடிகளை அனுப்ப மாட்டோம். சமவெளி முன்பதிவுகளை மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசி நடுப்பகுதி வரை, பதிவான வரிசைப்படி அனுப்புவோம். எழுதும்போது ஊர், நடும் இடம், அங்கே வெயில் விழும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நிறத்தை அதன்பின் சேர்ந்து முடிவு செய்யலாம். முன்பு எங்களிடம் ஸ்டெல்லா டி ஓரோ வாங்கிச் சமவெளியில் இழந்தவர்கள் பழைய இரசீதின் படத்தை அனுப்பினால், பசுமை மாறாத இரகத்தில் இரண்டு விசிறிகளை விலையின்றி அனுப்பி வைக்கிறோம். அனுப்பும் செலவும் எங்களுடையதே.

இப்படிக்கு,
நர்சரிப் பணியாளர்கள்,
கோத்தகிரி.