வெள்ளை இரும்பும் உன் வைரமும்

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிவிட்டு மேலே படி.

மணல் கலந்த தண்ணீர் இறைக்கும் பம்புக்கான வளையங்கள் கும்பகோணத்துப் பட்டறைக்கு வந்தன. குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்பு, சூடேற்றிப் பதப்படுத்தியது, கடினம் ராக்வெல் சி அளவில் 60. லேத்தில் மாட்டிய கார்பைடு டிப், அதாவது வெட்டுமுனை, அதில் உரசிப் புகைந்ததே தவிர வெட்டவில்லை. சாணைக்கல்தான் கதி என்றிருந்தபோது சிபிஎன், அதாவது கியூபிக் போரான் நைட்ரைடு டிப் ஒன்று வாங்கினேன். விலையைச் சொன்னால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து என்னை உதைப்பாய்.

மாப்பிள்ளை, வெட்டுகிறது! நிமிடத்துக்கு 80 மீட்டர் வேகம், 0.2 மில்லிமீட்டர் ஆழம், கூலண்ட் கிடையாது. டிப்பின் முனையில் சீவல் செக்கச்செவேலென்று கிளம்பி, தட்டில் விழுவதற்குள் கறுத்து நொறுங்குகிறது. அந்தச் சூட்டில் இரும்பு இளகுகிறது, டிப் இளகுவதில்லை, சூட்சுமம் அவ்வளவுதான்.

"வைரத்தையே மாட்டிவிடு" என்பாயே, அது நடக்காது. வைரம் வெறும் கார்பன். சூட்டில் இரும்பு அதைத் தின்றுவிடும். போரானும் நைட்ரஜனும் சேர்ந்த இந்தச் சிபிஎன்னை 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கினார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. இரும்போடு வம்புக்குப் போகாதது. அதற்காக உன் மெத்து வார்ப்பிரும்பில் ஓட்டிப் பார்க்காதே. ஃபெரைட் என்ற மெத்தான இரும்பு அதில் மிகுந்தால் டிப் சீக்கிரமே தேய்ந்துபோகும். கடினமானதுதான் இதற்குத் தீனி. லேத்தும் ஆடக் கூடாது. உன் பட்டறையில் இருக்கும் ஊஞ்சலை லேத் என்று நீ மட்டும்தான் சொல்கிறாய்.

சாணை பிடிக்கும் நம் பெரியவர்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் வேலை போயிற்று என்று நினைக்கிறார். அவர் இருமுவதை நீ கேட்டதில்லை. ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தத் தூசியிலிருந்து அவரை எழுப்பி அளவு பார்க்கும் மேசையில் உட்காரவைக்கப் போகிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ ஒரு போன் செய்.

பிறகு, உன்னிடம் கிடக்கும் ஆஸ்டெம்பர் என்ற முறையில் சூடேற்றிப் பதப்படுத்திய, உடைந்த பல்சக்கரங்களை அனுப்பு. டிப் அழுத்த அழுத்த அதிலுள்ள ஆஸ்டினைட் என்ற மெத்தான பகுதி, மார்ட்டன்சைட் என்ற கடினமான வடிவமாகி இறுகுமாம். அதையும் ஒரு கை பார்க்கிறேன். பார்சல் கூலி உன்னுடையது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை