பஞ்சர் கடைக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது அன்றைக்கு ரோட்டில் அவருக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை.

108 ஆம்புலன்ஸில் வந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், மதினிக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்த செல்லூர் அத்தை, நடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூடவே ஓடிய குழுச் சாமிகள், எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் எழுத உட்கார்ந்ததே ஒட்டன்சத்திரம் தாண்டி இருக்கிற அந்தப் பஞ்சர் கடைக்காரருக்காகத்தான். பேர் கேட்டேன். “பஞ்சர் கடைன்னாலே இங்க எல்லாருக்கும் தெரியும் சாமி” என்று சிரித்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ரோட்டோரத்தில் நான், அண்ணன் மகன், அண்ணனின் காவடி. காவடியைத் தரையில் வைக்கக் கூடாது. தோளில் அதோடு போன் பேசத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவராகவே வந்து, சுவர்க் கொக்கிகளில் தொங்கிய டியூப்களை எடுத்துக் கீழே போட்டு, கொக்கியைத் துடைத்து, “இதுல மாட்டுங்க” என்றார்.

அப்புறம் பையனின் பாதத்தைப் பார்த்தார். தார் ரோட்டுச் சூடு தாங்காமல் மதியமெல்லாம் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து வந்தவன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். டியூபை முக்கி ஓட்டை பார்ப்பார்களே, அந்தத் தொட்டியின் கறுத்த தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தார். குடிக்க வைத்திருந்த குடத்தை அதில் கவிழ்த்தார். பையனை ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு காலையும் மெதுவாக உள்ளே இறக்கினார். அதுவரை வாய் திறக்காதவன் அப்போதுதான் ‘அப்பா’ என்று அழுதான். பணம் நீட்டினேன். “அங்க உண்டியல்ல போடுங்க.”

மதுரையிலிருந்து பழனி 120 கிலோமீட்டர் வாக்கில் வரும். தினமும் தமுக்கம் மைதானத்தைச் சுற்றி வாக்கிங் போகிறவர்கூட மனசு வைத்தால் நடந்துவிடுவார். தூரத்தில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் போனால் டிக்கெட்டிலிருந்து டீ வரைக்கும் காசு கொடுத்துவிடுகிறோம், யாருக்கும் கடன்படாமல் திரும்பிவிடலாம். நடந்து போகிறவனுக்கு அது முடியாது. வாடிப்பட்டியில் யாரோ மோர் தருகிறார்கள், செம்பட்டியில் யாரோ சுக்கு காபி. மாலையும் விரதமும் வெறுங்காலும், இப்படிக் கை நீட்டி வாங்கப் பழகத்தானோ என்று இப்போது படுகிறது.

காவடியை மறுநாள் குழுச் சாமிகள் மாற்றி மாற்றிச் சுமந்து மலையேற்றிவிட்டார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு நான் நடக்கப் போவதில்லை. அந்தக் கடை வாசலில் பந்தல் போட்டு மோரும், கால் நனைக்க உப்புப் போட்ட வெந்நீரும் வைக்கப் போகிறேன். கடைக்காரரிடம் கேட்டாகிவிட்டது, லாரி வந்தால் பந்தலை நகர்த்தணும் என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றுவிட்டார். அண்ணனோ நடந்தே வருவேன் என்கிறார். மதினி இன்னும் பதில் சொல்லவில்லை.