360 லிக்விட் கூலருக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கணினிப் பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலரின் பம்ப் பழுது, ஏழு வார அலைச்சல், பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முதல் ஆறுக்கும் ஒரே பதில்தான் வந்தது: “உங்கள் புகார் பதிவாகியுள்ளது, உங்கள் பொறுமைக்கு நன்றி.” எனக்குப் பொறுமை இருக்கிறது என்று யார் உங்களிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இந்த முறையாவது ஒரு மனிதர் இதைப் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எந்த மாடல் என்று விளக்கப் போவதில்லை. உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியும். பம்ப் மூடியில் வட்டத் திரை வைத்த, திரவத்தின் சூட்டை வெளியேற்ற 360 மிமீ ரேடியேட்டர் உள்ள அதே 360தான். பில்லையும் வாரண்டி அட்டையையும் நான்காவது முறையாக இணைத்திருக்கிறேன்.

வாங்கும் முன் உங்கள் விற்பனைப் பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என்னுடையது ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், 16 கோர், முழு வேலையில் 230 வாட் வரை இழுக்கும். முப்பரிமாண ரெண்டரிங் வேலை, ராத்திரி முழுக்க ஒரே மூச்சில் ஓடும். இதற்கு ஏர் கூலர் போதுமா, லிக்விட் வேண்டுமா? என் பழைய கணினியில் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று இருக்கிறது, ஆறு ஹீட் பைப், இரண்டு 140 மிமீ ஃபேன், அதையே மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். உங்கள் ஆள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “230 வாட்டைக் காற்று தாங்காது சார், லிக்விட் கட்டாயம்” என்று எழுதியே கொடுத்தார். அந்த உரையாடலின் படமும் இணைப்பில் உள்ளது. விற்கிறவர்களுக்குத் தங்கள் பொருள் தெரியும் என்று நம்பினேன். அது தப்பா?

நான்கு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது, அதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது மாதத்தில் பம்பிலிருந்து வயிறு உருளுகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. அப்புறம் ரெண்டர் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் வெப்பம் 95 டிகிரியில் போய் நின்றுகொள்ளும், பிராசஸரின் கடிகார வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். பம்பின் சுழற்சி சில நேரம் பூஜ்யம் என்று காட்டும், சில நேரம் பழையபடி ஓடும். கையை வைத்துப் பார்த்தேன். பம்ப் பக்கம் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது. திரவம் ஓடினால் அந்தச் சூடு ரேடியேட்டருக்கு வந்திருக்க வேண்டும், இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். திரவம் ஓடவில்லை. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தொலைபேசி ஊழியர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார், அழைப்பு எண் இணைப்பில் இருக்கிறது. “95 டிகிரி நார்மல் சார், உங்க பிராசஸர் கம்பெனிக்காரங்களே சொல்லியிருக்காங்க. யூடியூப் பாத்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க” என்றார். சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

ஐயா, 95 டிகிரி வரை போகும்படிதான் அந்தப் பிராசஸரை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது வெப்பத்தைப் பற்றி இல்லை, வேகத்தைப் பற்றி. அதன் அடிப்படை வேகமே 4.5 கிகாஹெர்ட்ஸ். கூலர் நன்றாக இருந்தால் 95 டிகிரியிலும் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடும். கூலர் செத்துப்போனால் அதே 95 டிகிரியில் நிற்க வேண்டும் என்பதற்காக அது தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். வெப்ப எண் ஒன்றுதான், நிலைமை வேறு. அரைகுறையாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்கப் பார்த்தார் அந்த மனிதர். இதற்காகவே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சரி, சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். முதல் தடவை கேபினட்டை அப்படியே கொண்டுவரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவோடு 15 கிலோ. வாடகை வண்டியில், குழந்தையை மடியில் வைப்பது போல வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, “முழு சிஸ்டத்தை நாங்க தொட மாட்டோம், கூலரை மட்டும் கழற்றிக் கொண்டுவாங்க” என்றார்கள். திரும்பிப் போனேன். கழற்றினேன். அடுத்த வாரம் கூலரை மட்டும் கொண்டுபோனேன். அதே கவுண்டர், அதே சட்டை போட்ட அதே பையன். “சிஸ்டம் இல்லாம இதை எப்படி சார் டெஸ்ட் பண்றது?”

இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

பிளாஸ்டிக் தாளை எடுத்தீர்களா என்று இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். புதுக் கூலரில், பிராசஸர் மேல் உட்காரும் காப்பர் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைச் சொல்கிறேன். அதை எடுக்காமலா நான்கு மாதம் ஓடியது?

மூன்றாவது தடவை வந்தபோது வேறொருவர் இருந்தார். அவர் மரியாதையாகப் பேசினார், அதற்கு நன்றி. ஆனால் அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடைப் போட்டு 105 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். 105 வாட் என்பது பெயரளவு எண்தான், அந்த ஈக்கோ மோடில் பிராசஸர் உண்மையில் எடுப்பது அதிகபட்சம் 142 வாட். அதற்கு ஒரு சாதாரண ஒற்றைக் கோபுர ஏர் கூலரே தாராளம். பிறகு எதற்கு 360 மிமீ ரேடியேட்டர், மூன்று ஃபேன், வட்டத் திரை? 230 வாட்டுக்கு லிக்விட் கட்டாயம் என்று விற்றது உங்கள் விற்பனைப் பிரிவு. 230 வாட்டில் ஓட்டாதே என்பது உங்கள் சர்வீஸ் பிரிவு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே நிறுவனம்தானே?

விட்டுப்போன ஒன்று. கூலரைத் தவறாகப் பொருத்தினேன், ஆகவே வாரண்டி செல்லாது என்று இரண்டாவது மின்னஞ்சலில் மிரட்டியிருந்தீர்கள். ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்பக்கம் வைத்திருக்க வேண்டுமாம். ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, ஆக 52 மிமீ. என் கேபினட்டின் மேல்பக்கம் அது ரேம் மீது இடிக்கிறது. அதனால் முன்பக்கம் வைத்தேன், குழாய்கள் கீழே, ரேடியேட்டரின் தலை பம்பை விட உயரத்தில். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும், பம்ப் அந்த உயரமான இடமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. உங்கள் கையேட்டில் இரண்டாவதாக உள்ள படமே இதுதான். சொந்தக் கையேட்டை நீங்கள் படிப்பதில்லையா? பம்பின் வயரைக்கூட அதற்கென்று உள்ள பின்னில்தான் செருகி முழு வேகத்தில் வைத்திருந்தேன்.

இந்த ஏழு வாரத்தில் நான் இழந்ததைக் கணக்குப் பார்த்தால் உங்கள் நிறுவனத்தையே விற்றாலும் ஈடாகாது. 9 மணி நேரத்தில் முடியும் ரெண்டர் விடிந்தும் முடியவில்லை. ஒரு விளம்பர வேலை கை நழுவியது, அந்த வாடிக்கையாளர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. தொழிலே போய்விட்டது என்றுதான் சொல்வேன். தூக்கம் போனது. அந்தக் கேபினட்டைத் தூக்கியதில் வந்த முதுகுவலி இன்னும் இருக்கிறது, அதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. சென்ற வாரம் வேறு வழியில்லாமல் பரணில் கிடந்த அந்தப் பழைய ஏர் கூலரை எடுத்தேன். மதர்போர்டோடு வரும் பின்தட்டிலேயே மாட்டும் வகை அது. பிராசஸர் பொருத்தும் சாக்கெட் ஏஎம்4 ஆக இருந்த காலத்தில் வாங்கியது, இப்போதைய ஏஎம்5 சாக்கெட் போர்டிலும் அப்படியே உட்கார்ந்தது. தூசியைத் தட்டி, புதிதாகத் தெர்மல் பேஸ்ட் வைத்து, 230 வாட்டில் ராத்திரி முழுக்க ஓட்டினேன். வெப்பம் 95தான். ஆனால் வேகம் 4.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. உங்கள் கூலர் புதிதாக இருந்தபோது கிடைத்த வேகத்துக்கும் இதற்கும் ரெண்டரில் சில நிமிட வித்தியாசம்தான். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிராசஸரில் சூடு பிறப்பது இரண்டு சின்னச் சில்லுகளில், அதன் மேல் தடித்த மூடி. அந்த மூடியைத் தாண்டி வெளியே வருவதற்கே சூடு திணறுகிறது. வெளியே வந்த பிறகு அதைக் காற்று கொண்டுபோனால் என்ன, நீர் கொண்டுபோனால் என்ன? ஃபேன் சத்தம் கொஞ்சம் அதிகம், உண்மைதான். ஆனால் அதில் கெட்டுப்போக ஃபேனைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபேன் கெட்டால் பத்து நிமிடத்தில் நானே மாற்றிவிடுவேன், யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

லிக்விட் கூலரே வீண் என்று நான் சொல்லவில்லை. கேபினட்டுக்குள் பெரிய கோபுரம் நுழையாதவர்களுக்கு, இன்னும் அதிக வாட் இழுக்கும் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். நான் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் “உங்களிடம் இருப்பதே போதும் சார்” என்பதுதான். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு விற்பனை குறைந்திருக்கும், எனக்கு இந்த ஏழு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே தயவுசெய்து முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். மாற்றுக் கூலர் வேண்டாம், தள்ளுபடிக் கூப்பன் வேண்டவே வேண்டாம். நல்லபடியாக முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் விருப்பம். 16ஆம் நாளும் “பதிவாகியுள்ளது” என்று பதில் வந்தால், அந்த விற்பனை உரையாடல், மூன்று சர்வீஸ் சீட்டுகள், பூஜ்யம் காட்டும் பம்பின் காணொளி எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். வக்கீலிடம் பேசிவிட்டேன்.

பழுதான கூலர் அதன் பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டேன்.