ரோசாவில் அழுக்கணவன்: குறை சவர்க்காரத்தில் இல்லை, கிணற்றுத் தண்ணீரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து பனி இறங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்து முற்றங்களில் ரோசா தளிர்விட்டு மொட்டுக் கட்டும். கூடவே அழுக்கணவனும் (அசுவினிப் பூச்சி) வந்துவிடும். சவர்க்காரத் தண்ணீர் அடித்தும் சரிவரவில்லை, வேப்பெண்ணெய் அடித்தும் சரிவரவில்லை என்று, கடைசியில் மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கிய நஞ்சையே ரோசாவுக்கும் அடிப்பவர்கள் பலர். சாமிக்குச் சாத்துகிற பூ, பிள்ளைகள் தலையில் வைக்கிற பூ. அதற்கு அந்த நஞ்சு வேண்டவே வேண்டாம். வீட்டு மருந்து கேட்கும், செய்யும் முறை சரியாக இருந்தால்.

மொட்டுக் காம்பிலும் இளந்தளிரிலும் அப்பியிருக்கும் பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பூச்சி இது. மூன்று மில்லிமீற்றர் வந்தாலே பெரிது. பின்பக்கம் இரண்டு சின்னக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இலைமேல் வெள்ளையாகக் கிடக்கும் பொருக்கு அது கழற்றிய தோல். வெண்மூட்டுப்பூச்சி என்று மயங்க வேண்டாம். ஆண் துணை இல்லாமலே பெண் பூச்சி குஞ்சுகளை உயிரோடு ஈனும். அந்தக் குஞ்சும் ஒரு கிழமை, பத்து நாளில் ஈனத் தொடங்கிவிடும். ஒருமுறை அடித்துவிட்டு இருந்துவிட்டால் அடுத்த கிழமையே பழையபடி நிறைவது இதனால்தான்.

முதல் மருந்து வெறும் தண்ணீர். காலையில் குழாயின் வாயை விரலால் அடைத்து, தளிரை மறு கையால் தாங்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சியடிக்க வேண்டும். விழுந்த பூச்சிகளில் பெரும்பாலானவை திரும்பிச் செடி ஏறா. மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பல செடிகளுக்கு வேறெதுவும் தேவைப்படாது. மாலையில் இதைச் செய்யாதீர்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் பிடிக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் சவர்க்காரம். இங்கேதான் நம் ஊர்க் கிணறு குறுக்கே நிற்கிறது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அந்தச் சுண்ணாம்புதான். அந்தக் கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துத் திரையாக்கிவிடும். போத்தலில் வெள்ளைத் துணுக்கு மிதக்கும், தெளிப்பானின் துவாரம் அடைக்கும், இலையில் சாம்பல் நிறப் படலம் படியும். பூச்சியோ அப்படியே இருக்கும். அடிப்பதற்கு முன் சின்னப் போத்தலில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, சிறிது சவர்க்காரம் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் நல்லது. நுரை அடங்கித் தயிர்போலத் திரைந்தால் அந்தத் தண்ணீர் உதவாது. மூடி வைத்த மழைநீர் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்தெடுக்கலாம். உவர்க் கிணறு என்றால் கொதிக்க வைத்தும் பயனில்லை. கடையில் விற்கும் வடிகட்டிய குடிநீரில் ஒரு லீற்றர் எடுங்கள். மூன்று நான்கு செடிக்கு அது காணும்.

ஒரு லீற்றருக்கு ஐந்து கிராம் கட்டிச் சவர்க்காரம். நூறு கிராம் கட்டியை இருபது துண்டாக வெட்டினால் ஒரு துண்டு. அதைச் சீவி அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து, துணியால் வடித்து, மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். உடுப்புத் தோய்க்கும் பவுடர் கூடாது. அதிலுள்ள சோடா தளிரைக் கருக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் இலையின் மெழுகைக் கழற்றிவிடும். முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை விளிம்பு கருகாவிட்டால் முழுச் செடிக்கும் அடிக்கலாம்.

சவர்க்காரம் ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வலு இல்லை. பூச்சியின் உடலில் பட்டால்தான் சாகும். எனவே மேலிருந்து புகைபோல விசிறிப் பயனில்லை. மொட்டின் கழுத்து, சுருண்ட தளிரின் உட்பக்கம், இலையின் அடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். விடிந்ததும் அடித்து, வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். நான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை.

வேப்பெண்ணெய் என்றால் லீற்றருக்கு ஐந்து மில்லி. எண்ணெயை முதலில் சவர்க்காரக் கரைசல் சிறிதில் விட்டுப் பால்போல வரும்வரை அடித்துவிட்டே தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசிச் செடிக்கு மொத்த எண்ணெயும் போய்க் கருக்கிவிடும். வெயில் வேம்பின் வீரியத்தைக் கெடுக்கும். ஆகவே ஐந்து மணியளவில், இருட்டுமுன் இலை காயும்படி அடியுங்கள். உடனே சாகவில்லையே என்று மறுநாளும் அடிக்காதீர்கள். வேம்பு பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுப்பது. சில நாள் எடுக்கும். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் நிழலில் உலர்த்திய வேப்பம் பருப்பு ஐம்பது கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்தும் அடிக்கலாம். பூஞ்சணம் பிடித்த பருப்பைத் தள்ளிவிடுங்கள்.

புகையிலைத் தண்ணீரை நாம் பரிந்துரைக்கமாட்டோம். நிக்கொட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். பக்கத்தில் தக்காளி, மிளகாய் நின்றால் புகையிலையிலிருந்து வைரசும் தொற்றலாம். சாம்பலும் வேண்டாம். நம் மண்ணில் ஏற்கனவே காரம் அதிகம். சாம்பல் கூடினால் இரும்புச்சத்து ஏறாமல் ரோசாத் தளிர் மஞ்சளடிக்கும்.

எறும்பை விட்டுவைத்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். அழுக்கணவன் கழிக்கும் இனிப்புப் பிசினுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தண்டில் ஒட்டும் ரேப் சுற்றி, அந்த ரேப்பின் மேல் மட்டும் கிறீஸ் பூசுங்கள். எறும்பைத் தடுக்கச் சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது டெங்கு நுளம்புக்கு இடம் கொடுப்பது.

மருந்து அடிக்குமுன் தளிரை உற்றுப் பாருங்கள். கறுத்த உடலில் செம்மஞ்சள் புள்ளிகளோடு ஊரும் நீண்ட புழு தென்பட்டால் அது அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. ஊதி, வைக்கோல் நிறமாகி அசையாமல் ஒட்டியிருக்கும் அழுக்கணவன்களுக்குள் அவற்றைத் தின்று குளவிக் குஞ்சு வளர்கிறது. இவை இருக்கும் கிளைக்கு எதுவும் அடிக்க வேண்டாம். மற்றக் கிளைகளை மட்டும் கவனியுங்கள்.

பூங்கன்று விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யூரியாவை அள்ளிப் போட்டால் வரும் கொழுத்த தளிரில்தான் அழுக்கணவன் முதலில் ஏறும். கன்றோடு யூரியாப் பையையும் கொடுக்காமல், சவர்க்கார அளவையும் தண்ணீர்ச் சோதனையையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டக்காரர் சிலர்,
யாழ்ப்பாணம்.