சரிவில் புல் வெட்ட டிராக்டர் அனுப்புவோருக்கு

வணக்கம்.

கரைகளிலும் சாலையோரச் சரிவுகளிலும் புல் வெட்டும் வேலையை ஒப்படைக்கும் பொறியாளர்களுக்கும், அதை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் இந்த மடல். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுகிறீர்கள். சக்கர அகலம் எவ்வளவு, எடை எங்கே இருக்கிறது, ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம்) நிமிர்ந்து நிற்கிறதா என்பதெல்லாம் அவர் ஏறி உட்காரும் முன்பே முடிவாகிவிடுபவை. அந்த முடிவுகள் உங்களுடையவை.

முதலில் சரிவை அளந்து சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, ரசமட்டம் வைத்து மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரை 27 செ.மீ. கீழே இருந்தால் சரிவு 15 டிகிரி, 36 செ.மீ. என்றால் 20 டிகிரி. டிகிரியையும் சதவீதத்தையும் மாற்றி எழுதிவிட வேண்டாம்: 27 சதவீதம் என்பது 15 டிகிரி, 27 டிகிரி என்பதோ 51 சதவீதம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகள் பலவும் 15 டிகிரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். பின்சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ., ஈர்ப்பு மையம் (வண்டியின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) தரையிலிருந்து 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் வண்டி 40 டிகிரி வரை தாங்கும் என்று கணக்கு வரும். ஆனால் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் (pin) ஆடுகிறது. அது தன் தடுப்பில் போய் முட்டும் வரை, பக்கவாட்டுச் சாய்வை முன்சக்கரங்கள் தடுப்பதில்லை. பார்க்க நான்கு கால், உண்மையில் முக்காலி. அந்த 40இல் ஒரு பங்கு இதிலேயே போய்விடும்.

மீதியைத் தரை எடுத்துக்கொள்கிறது. 15 டிகிரி சரிவில் குறுக்காகப் போகும்போது மேல்பக்கப் பின்சக்கரம் 15 செ.மீ. உயரக் கல்லில் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி கூடும். அதே நொடியில் கீழ்ச்சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் இன்னும் நாலரை. 15 இப்போது 26. திருப்பத்தையும் சேருங்கள்: 5 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் மேட்டுப்பக்கம் திருப்பினால், வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 9 டிகிரி சாய்வுக்குச் சமம். 5 கி.மீ.யில் அது இரண்டு டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிறது.

முழங்கால் உயரப் புல்லுக்குள் கல்லும் குழியும் இருக்கையிலிருந்து தெரியாது. ஒருவர் கம்போடு நடந்து பார்த்துக் கொடி ஊன்றிய பிறகே வண்டி இறங்கட்டும்.

வண்டியில் செய்ய வேண்டியவற்றில் அதிகப் பலன் தருவது சக்கர அகலம். பின்சக்கர டிஸ்கையும் ரிம்மையும் மாற்றிப் பூட்டி, கையேடு அனுமதிக்கும் அதிகபட்ச அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் எடையைக் கீழே இறக்கும். முன்னால் மண் அள்ளும் லோடர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பக்கவாட்டு வெட்டி எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்கட்டும். பின்னால் மாட்டும் வெட்டியை, வேலை இல்லாத இடத்திலும் தரையை ஒட்டியே வைக்க வேண்டும். இடது, வலது பின்சக்கரங்களுக்கான இரண்டு பிரேக் பெடல்களும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சரிவில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

முடிந்தவரை மேலும் கீழுமாகவே வெட்டச் சொல்லுங்கள். ஆனால் பின்னால் கனமான வெட்டியோடு மேடேறும்போது முன்பக்கம் லேசாகிவிடும். முன் அச்சில் டிராக்டர் எடையின் 20 சதவீதமாவது நிற்க வேண்டும். குறைந்தால் முன் எடைக்கட்டிகள் போடுங்கள். மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் தூக்கி, ஒன்றரை நொடிக்குள் வண்டி மல்லாந்துவிடக்கூடும். யாருக்கும் குதிக்க அவகாசம் இருக்காது. இறங்கும்போது கியரை உச்சியிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் கிளட்ச் மிதிக்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதைப் போட்டே இறங்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில், வாய்க்கால் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே ஓட வேண்டும். விளிம்பு மண் சரிந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது.

ரோல் பார் விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. மரக்கிளை இடிக்கிறது என்று மடக்கி வைத்த பார் யாரையும் காப்பாற்றாது. நிமிர்த்திய பாரோடு சீட் பெல்ட் கட்டியே ஆக வேண்டும். பார் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால் ஓட்டுநர் வண்டியோடு நசுங்குவார். அப்படிப்பட்ட வண்டியைச் சரிவுக்கு அனுப்பவே கூடாது. வளைந்த பாரை வெல்டிங் வைத்து நிமிர்த்தாமல் புதிதாக மாற்றுங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பணி ஆணையில் ஒவ்வொரு பகுதியின் சரிவையும் டிகிரியில் எழுதுங்கள். 15 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தைத் தோளில் மாட்டும் வெட்டிக்கோ தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரத்துக்கோ ஒதுக்குங்கள். பரப்பளவுக்குக் கூலி என்றால் வேகம் கூடத்தான் செய்யும். சரிவுப் பகுதிக்கு நேரக் கணக்கில் கொடுங்கள். புல்லில் பனி ஈரம் உலரும் வரை ஓட்டுநர் காத்திருந்தால் அந்த நேரத்துக்கும் சேர்த்தே கொடுங்கள்.